அந்த அரைமணி நேரம் யாருடையது?

1996 மே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்த ஆண்டு அது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசு எடுத்த முடிவு. ஒக்டோபரில் அரைமணி நேரத்தைப் பின்னே இழுத்தார்கள். மீதி அரைமணி நேரம் 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் திரும்பி வந்தது. இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளில், தை மாதச் சூரியன் இலங்கையில் காலை ஆறே முக்காலுக்குப் பிறகுதான் உதித்தது. பாடசாலை மணியோ வழக்கம்போல் ஏழரைக்கு.

கொழும்புப் பிள்ளைக்கு இது வீட்டில் ஒரு விளக்கைக் கூடப் போடுவதோடு முடிந்தது. தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் மேல் டிவிசன் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு மணி நேரம் இறங்கி நடக்கும் பிள்ளைக்கு, அட்டை ஏறும் பாதையை இருட்டில் கடப்பது என்று பொருள். யாரோ ஓர் அறையில் கடிகார முள்ளை நகர்த்த, மலைச் சரிவில் ஒரு குழந்தையின் விடியல் போயிற்று.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் மறுபடியும் ஓர் அரைமணி நேரம் சர்ச்சையானது. கல்வி அமைச்சுப் பொறுப்பையும் வகிக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரிய 2025இல் முன்வைத்த கல்விச் சீர்திருத்தத்தில், பாடவேளை ஒன்று 50 நிமிடமாகும், நாளுக்கு ஏழு பாடவேளைகள் என்றிருந்தது. 2026 முதல் பாடசாலை ஒன்றரைக்குப் பதில் இரண்டு மணிக்கு முடியும் என்று அறிவிப்பு வந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, தெரணியகலை இருக்கும் கேகாலை மாவட்டத்திலும் உயிர்கள் போயின. அதன்பின் 2026இலும் பாடசாலை ஒன்றரை மணியோடு முடியும் என்று அமைச்சு அறிவித்தது. அரைமணி நேரம் கிடப்பில் போடப்பட்டது.

இதற்கிடையே பேச்சுக்குக் குறைவில்லை. செய்தி அலைவரிசைகளின் விவாத அரங்குகளில் ஒரு பக்கம் சீர்திருத்தக்காரர்கள், மறுபக்கம் சங்கத்துக்காரர்கள். பஸ் எங்கே என்றும் பிள்ளைக்குப் பசிக்குமே என்றும் ஒருவர் கேட்டார். உலகம் எங்கேயோ போய்விட்டதே என்று மற்றவர் பதில் சொன்னார். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் எந்தக் கேள்வியும் அடுத்த கேள்வியின் தோளில் ஏறி மேலே போகவில்லை. விளம்பர இடைவேளை வரும். திரும்பி வந்ததும் அதே இடத்திலிருந்து தொடங்கும்.

நம்மவர்களுக்குப் பேச்சு அரங்கம் புதிதல்ல. பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையில் இருக்கிறது. புகார் நகரத்தில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடட்டும் என்கிறான். அதே மூச்சில், பகைவரிடத்தும் சினமும் கலகமும் இன்றி விலகிப் போகச் சொல்கிறான். வாதத்துக்கான அழைப்பும் அதற்கான ஒழுக்கமும் ஒரே அறிவிப்பில் வருகின்றன. அந்தக் காப்பியத்தின் பிற்பகுதியில் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டு நிற்பவள் ஓர் இளம்பெண். மணிமேகலை அங்கே குறுக்கிட்டு வெல்லப் போகவில்லை, கேட்டறியப் போகிறாள்.

தர்க்கத்தை வகுத்தவர்கள் இதை இன்னும் கறாராகப் பிரித்து வைத்தார்கள். கோதமரின் நியாய சூத்திரம் பேச்சை மூன்றாக்குகிறது. உண்மையைக் காண இருவர் சேர்ந்து நடத்துவது வாதம். வெல்வதற்காக நடத்துவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் இல்லாமல் எதிராளியை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை. ‘விதண்டாவாதம் பேசாதே’ என்று வீடுகளில் கண்டிப்பார்களே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. இன்றைய தொலைக்காட்சி அரங்கு பெரும்பாலும் ஜல்பத்துக்காகவே கட்டப்பட்டது. எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் நெறியாளர், பின்னணி இசை, கைதட்டல். ‘நான் நினைத்தது தவறு, நீங்கள் சொன்னதை யோசிக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் நிகழ்ச்சி அங்கேயே முடிந்துபோகும்.

இருந்தாலும் அந்த அரங்குகளை ஒரேயடியாகத் தள்ளுவது அநியாயம். கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவையின் லயங்களில் தகரக் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் டிஷ் அன்டெனாக்களை எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். சன் டிவியில் விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’, 2006 முதல் விஜய் டிவியில் கோபிநாத் நடத்திவரும் ‘நீயா நானா’, சக்தி டிவியில் ஜே. ஸ்ரீரங்கா நடத்திய ‘மின்னல்’ ஆகியவை தோட்ட வீட்டுக்குள் கொண்டுவந்த காட்சி ஒன்றுண்டு: சாதாரண மனிதரின் கையில் ஒலிவாங்கி. அதிகாரத்தை ஒருவர் முகத்துக்கு நேரே கேள்வி கேட்பதை, காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் தலை குனிந்து நின்று பழகிய சமூகம் திரையில் கண்டது. ‘மின்னல்’ தந்த செல்வாக்கில் ஸ்ரீரங்கா 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்கே தெரிவானார். பேச்சுக்கு அவ்வளவு பசி இருந்தது.

பசி இருந்தது; ஆனால் திரையிலிருந்து வந்த பேச்சு ஒருவழிப் பேச்சு. லயத்தில் இருந்து பார்க்கும் பிள்ளை அந்த ஒலிவாங்கியைக் கேட்டு வாங்க முடியாது. சைவ சித்தாந்தம் அறிவின் பாதையை நான்கு படிகளாகச் சொல்கிறது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. முதல் படியான கேட்டல் என்பது ஒலி காதில் விழுவது மட்டுமன்று, ஐயத்தை எடுத்து வைத்து விடை பெறுவதும் அதில் அடக்கம். மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம் முழுவதும் கேள்வி பதிலாகவே நடக்கிறது. மாணவர் கேட்கிறார், மெய்கண்டார் சொல்கிறார், அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. அந்த நூலில் கேள்வி கேட்கும் உரிமை முழுக்க மாணவருக்கே.

மெய்கண்டாரைப் பற்றிய மரபுக் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டு, திருவெண்ணெய்நல்லூர். அவர் சிறுபிள்ளை. குடும்ப குருவான அருணந்தி, சகலாகம பண்டிதர் என்று பெயர் எடுத்தவர், பெரிய கூட்டத்தோடு அங்கே வருகிறார். தன் மாணவர்கள் எல்லாம் இந்தச் சிறுவனிடம் பாடம் கேட்கப் போவதைக் கண்டு சினந்து நேரே போய், ‘ஆணவ மலத்தின் வடிவம் எப்படி இருக்கும்?’ என்று கேட்டார். பிள்ளை வாயே திறக்கவில்லை. கேட்டவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை சுட்டிக் காட்டியது. பண்டிதர் அந்தக் குழந்தையின் காலில் விழுந்தார். பிறகு சிவஞான சித்தியார் எழுதினார்.

சித்தாந்தத்தின் குரு பரம்பரை இப்படி ஒரு பெரியவர் பேச்சை நிறுத்திய இடத்திலிருந்துதான் வளர்கிறது. அரைமணி நேரத்தைப் பற்றிய அரங்குகளில் நடக்காதது அதுதான். பேசியவர்கள் அனைவரும் பெரியவர்கள். நேரம் யாருடையதோ அவர்களின் குரல் அங்கே இல்லை.

உண்மை விளக்கம் முப்பத்தாறு தத்துவங்களை விளக்கும்போது, வித்தியா தத்துவங்கள் ஏழைச் சொல்கிறது. காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை. காலம் என்பது இங்கே எதையும் போட்டு வைக்கும் வெறும் பாத்திரமாக எண்ணப்படவில்லை. உயிர் பக்குவப்படுவதற்குத் தரப்பட்ட ஒரு கருவி அது. அதுவும் தனியாக வேலை செய்யாது. கலை உயிரை மூடிய இருளைச் சற்றே விலக்கிச் செயலுக்குத் தயாராக்குகிறது. வித்தை அறிவை எழுப்புகிறது. அராகம் விருப்பத்தை உண்டாக்குகிறது. நியதி, அவரவர்க்கு உரியது அவரவரைச் சென்று சேரும்படி வரையறை செய்கிறது. இவை கூடி நிற்கும்போதுதான் காலத்துக்குப் பயன்.

பாடசாலை நேரத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது கடினம். வழக்கமான எட்டுப் பாடவேளை நாற்பது நிமிடமாக 320. ஏழு பாடவேளை ஐம்பது நிமிடமாக 350. கூடுவது சரியாக முப்பது நிமிடம். அமைச்சின் கணக்கில் பிழையில்லை. ஆனால் கூட்டியது காலம் ஒன்றை மட்டும். கலைக்கும் வித்தைக்கும் அராகத்துக்கும் யார் என்ன கூட்டினார்கள்?

வித்தையைக் கூட்டுவது என்றால் முதலில் ஆசிரியர். தோட்டப் பாடசாலையின் வரலாறு நெடுகிலும் அந்தக் குறை ஓடுகிறது. 1907இலும் 1920இலும் வந்த சட்டங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன. துரைக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஓர் அறை, ஓர் ஆசிரியர், நாலைந்து வகுப்பும் ஒன்றாக, அதுவும் கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் கை தேவைப்படாத நேரத்தில். 1945இல் இலவசக் கல்வி வந்து நாடே மாறியபோது தோட்டப் பிள்ளை அதற்கு வெளியே நின்றது. தோட்டங்கள் அரசுடைமையாகி, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அந்தப் பாடசாலைகளை அரசு ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றது. மூன்று தசாப்தம் என்பது அரைமணி நேரத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டால் கல் நெஞ்சும் கரையும். இன்றும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ் மொழியில் உயர்தரக் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க நினைக்கும் தோட்டப் பிள்ளை, வீட்டைவிட்டு வெளியூர் போக வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இல்லாத பாடவேளைக்குப் பத்து நிமிடம் கூட்டினால் வெற்று நாற்காலியைப் பார்த்திருக்கும் நேரம்தான் பத்து நிமிடம் கூடும்.

அடுத்தது அராகம். இதில் தோட்ட வாழ்க்கையே சாட்சி சொல்கிறது. மார்கழி வந்தால் விடியுமுன் எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு லயம் லயமாகப் பஜனை பாடிச் சுற்றுவது தோட்டப் பிள்ளைகளின் பழக்கம். யாரும் அடித்து எழுப்புவதில்லை. மாசியில் காமன் கூத்து நடக்கும் இரவுகளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ரதியும் மதனும் வந்து போகும்வரை எவருக்கும் கண் சொருகாது. இவ்வளவு நீளம் தாங்குமா பிள்ளைகளுக்கு என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. அதே பிள்ளைக்குப் பன்னிரண்டரை மணிப் பாடவேளையில் தூக்கம் வருகிறது என்றால், குறையை நேரத்தில் தேடக்கூடாது.

நியதிதான் எல்லாவற்றிலும் கனமான சொல். உரியது உரியவரைச் சேர வேண்டும். தோட்டத்தில் நேரம் எப்போதுமே வேறு யாருக்கோ உரியதாக இருந்துவந்திருக்கிறது. விடியுமுன் தப்பு அடித்து எழுப்பினார்கள், பிரட்டில் பேர் எழுதினார்கள். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத் தமிழில் ‘ஒரு பேர்’ என்று பெயர். குறித்த கிலோ வராவிட்டால் ‘அரைப்பேர்’. ஒரு மனிதரின் நாளையும் அவருடைய பெயரையும் ஒரே சொல்லால் அளந்து, பாதியாக வெட்டியும் காட்டிய வழக்கு உலகத்தில் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. இறப்பர் தோட்டத்தில் பால் நன்றாக வடிவது விடிகாலையில். வெயில் ஏறுமுன் மரம் மரமாக வெட்டி, பிறகு சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து, ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு அம்மா வீடு திரும்பும் நேரத்தில்தான் ஒன்றரை மணிப் பள்ளி விட்ட பிள்ளையும் வீடு சேருகிறது. பல வீடுகளில் இருவரும் சேர்ந்து உண்ணும் ஒரே சோறு அதுதான். அரைமணி நேரம் கூடினால் முதலில் குலைவது அந்தச் சோற்று வேளை.

இன்னொன்று மழை. இரத்தினபுரி இலங்கையின் அதிக மழை பெறும் நகரங்களில் ஒன்று. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் ஏறி, பிற்பகலில் இடியோடு கொட்டும். ஒன்றரைக்குப் பள்ளி விட்டால் மழைக்கு முந்தி மேட்டை ஏறிவிடலாம் என்ற நாட்கள் உண்டு. இரண்டு மணிக்கு விட்டால் மழையோடு ஏற வேண்டும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து வீடுகளை மூடியதைப் பார்த்த கேகாலை மாவட்டத்தில், மழையில் பிள்ளையைச் சரிவுப் பாதையில் அனுப்பும் தாயின் அச்சத்தைப் பழமைவாதம் என்று எந்த அரங்கிலும் தள்ளிவிட முடியாது.

சமயமும் இந்த நாட்டில் நேரத்தின் மீது கை வைத்திருக்கிறது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு விடுமுறையே இல்லை. நிலவின் பிறைக் கணக்கில் போயா நாட்களே வார விடுமுறை. தேவாலயத்துக்குப் போகும் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி நாளாக இருந்தது. இன்று ஞாயிறு காலை பௌத்தப் பிள்ளைக்கு தஹம் பாசல், இந்துப் பிள்ளைக்கு அறநெறிப் பாடசாலை. அதே நேரத்தில் டியூஷனும் இழுக்கிறது. அறநெறி நேரத்தில் டியூஷனை நிறுத்துங்கள் என்று பிக்குகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். கோரிக்கையில் அர்த்தம் உண்டு. ஆனால் டியூஷனை மூடுவதால் மட்டும் பிள்ளை அறநெறிக்கு மனத்தோடு வந்துவிடாது. அங்கும் மனப்பாடமும் போட்டியும்தான் என்றால், ஞாயிறு என்ற பெயரில் இன்னொரு திங்கட்கிழமை.

பிரெஞ்சு நாட்டுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல் 1942இல் பள்ளிப் படிப்பையும் இறைவன்மேல் அன்பையும் சேர்த்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். பள்ளிப் பாடத்தின் உள்ளிருக்கும் பயன் கவனம் என்ற ஆற்றலை வளர்ப்பதுதான், பிரார்த்தனையும் அந்தக் கவனத்தால்தான் ஆனது என்பது அவர் கருத்து. ஒரு கணிதத்தோடு உண்மையாகப் போராடி விடை காணாத பிள்ளையின் முயற்சியும் வீண் போவதில்லை என்கிறார். தசையை இறுக்கிப் புருவத்தைச் சுருக்குவதைக் கவனம் என்று நினைக்கக் கூடாது, விருப்பமும் மகிழ்ச்சியும் இல்லாத இடத்தில் படிப்பே நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். நம்முடைய அராகத்தை வேறொரு கரையிலிருந்து அவர் தொட்டுவிட்டார். இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 1934இலும் 1935இலும் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாக நின்று, இயந்திரத்தின் கடிகாரம் மனிதரின் சிந்தனையை எப்படித் தின்கிறது என்று உடம்பால் அறிந்தவர்.

பள்ளி என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பழைய பொருள் படுக்கை, துயிலிடம். சமண முனிவர் தங்கிய இடம் பள்ளியாயிற்று. அங்கே பாடம் சொன்னதால் கல்விக்கூடம் பள்ளியாயிற்று. ஸ்கூல் என்ற சொல்லின் வேரான கிரேக்கச் சொல்லுக்கும் ஓய்வு என்றே பொருள். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு மொழிகள், பிழைப்பின் நெருக்கடி விலகிய நேரத்தைக் கல்வியின் பெயராக வைத்திருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைக்குத் தலைமுறைகளாக மறுக்கப்பட்டது அந்த நேரம். ஆகவே பள்ளியில் கூடுதல் நேரம் என்பது கெட்ட யோசனை என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. லயத்துக் காம்பராவில் மேசையும் தனி வெளிச்சமும் இல்லாத பிள்ளைக்கு, நல்ல ஆசிரியரும் நூலகமும் ஒரு வேளைச் சாப்பாடும் திரும்பிப் போக வாகனமும் இருக்கிற பள்ளி நான்கு மணி வரை திறந்திருந்தாலும் வரம்தான். அவை முதலில் வரட்டும். அரைமணி நேரம் கடைசியில் வரட்டும். இந்த வரிசையை மாற்றுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இரண்டு மணி யோசனை மறுபடி வரும். அரங்குகளும் மறுபடி ஒளிரும். அதற்கு முன்னால், முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் எட்டியாந்தோட்டைக்கோ இறக்குவானைக்கோ ஒரு நாள் வந்து, பள்ளி விட்டதும் ஒரு பிள்ளையோடு லயம்வரை நடந்து பார்க்க வேண்டும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன சாப்பிட்டாய், இன்று எத்தனை பாடத்துக்கு ஆசிரியர் வந்தார் என்று வழியில் விசாரிக்க வேண்டும். வகுப்பில் இன்று நீ எழுந்து நின்று கேட்ட கேள்வி எது என்பதையும் மறக்காமல் கேட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும்.